எக்ஸ்-ரேயில் தெரிவது மீன் முள்ளா, என் சொந்தக் குருத்தெலும்பா?

கேள்வி: எனக்கு 57 வயது. சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். மேல் தாடையில் பல் செட் போட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கெண்டை மீன் குழம்பு சாப்பிடும்போது தொண்டையில் முள் குத்திவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தேன், வாழைப்பழமும் சாப்பிட்டேன், போகவில்லை. மூன்றாம் நாள் கழுத்தில் பக்கவாட்டில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். அதில் அரிசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. ஒரு டாக்டர், "முள் இருக்கிறது, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும்" என்கிறார். இன்னொருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் சொந்தக் குருத்தெலும்பு, கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள்" என்கிறார். எச்சில் விழுங்கினால் வலது பக்கம் தாடைக்குக் கீழே இன்னும் சுருக்கென்கிறது. யார் பேச்சை நம்புவது? தொண்டைக்குள் எலும்பு எப்படி வரும்? புற்றுநோயாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. இனிமேல் மீன் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகச் சுருக்கமாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தோடு வருகிறவர்கள் நிறைய இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளியைப் பொறுத்தவரை இரண்டாவது டாக்டர் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை வைத்து முள்ளே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. படத்தில் தெரிவது உங்கள் குருத்தெலும்பாகவும் இருக்கலாம், படத்தில் தெரியாத முள் ஒன்று வேறு இடத்தில் குத்திக்கொண்டும் இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு பேருமே படத்தைப் பார்த்திருக்கிறார்கள், தொண்டைக்குள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

அரிசி மணி போலத் தெரியும் அந்தக் குருத்தெலும்பு எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். தாடைக்கு அடியில் நடுவில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் கெட்டியாகத் தட்டுப்படுவது ஹையாய்டு எலும்பு. முன்னால் வளைந்து, இரண்டு பக்கமும் கொம்பு போல நீண்டு பின்னோக்கிப் போகும். அதற்குக் கீழே மெத்தென்று ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் மறுபடி கெட்டியாக வருவது தைராய்டு குருத்தெலும்பு. ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியுமே, அதேதான். பெண்களுக்கு அவ்வளவு தெரியாது, ஆனால் விரலுக்குத் தட்டுப்படும். இந்தத் தைராய்டு குருத்தெலும்புக்கும் பின்பக்க ஓரத்தில் மேல் நோக்கி இரண்டு கொம்புகள் உண்டு.

மேலே ஹையாய்டின் கொம்பு, கீழே தைராய்டு குருத்தெலும்பின் கொம்பு. இரண்டு நுனியையும் ஒரு நார் இணைக்கிறது, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அந்த நாருக்குள் புதைந்து ஒரு குட்டிக் குருத்தெலும்பு இருக்கும். அதன் பெயர் டிரிட்டிசியா. நீளம் 7 முதல் 9 மில்லிமீட்டர், அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர். கோதுமை மணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் அரிசி என்று எழுதியதும் சரிதான். சிலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் மட்டும், சிலருக்கு இருக்கவே இருக்காது. இருந்தாலும் கெடுதல் இல்லை, இல்லாவிட்டாலும் குறை இல்லை. பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் இது கழுத்து எலும்புகளில் மூன்றாவது, நான்காவது எலும்பின் உயரத்தில், ஹையாய்டு கொம்புக்குச் சற்றுக் கீழே தெரியும். உங்கள் ரிப்போர்ட்டிலும் சி3, சி4 மட்டம் என்று இருந்தால் ஏறக்குறைய அடையாளம் கிடைத்துவிட்டது.

இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஒரு டாக்டர் ஏன் முள் என்று நினைத்தார் என்று கேட்பீர்கள். குரல்வளைக் குருத்தெலும்புகள் ஒன்பது என்றுதான் நாங்கள் படிக்கிறோம். தனியாக மூன்று: தைராய்டு, அதற்குக் கீழே மோதிரம் போல இருக்கும் கிரிக்காய்டு, குரல்வளை மூடி. ஜோடியாக மூன்று: அரிட்டினாய்டு, கார்னிகுலேட், கூனிஃபார்ம். டிரிட்டிசியா இந்தக் கணக்கிலேயே வராது. புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போய்விடும். மீன் சாப்பிட்டதும் வலி என்று ஒருவர் வந்து நிற்கும்போது படத்தில் சின்னதாக ஒரு வெள்ளை தெரிந்தால் மனம் முள்ளைத்தான் முதலில் நினைக்கும். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். முள்ளைத் தவறவிடுவதைவிட முள்ளோ என்று சந்தேகப்படுவது எவ்வளவோ மேல். பிரேதப் பரிசோதனை செய்கிறவர்களுக்கும் இந்த மணியால் ஒரு சோதனை உண்டு. கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தவர்களுக்குத் தைராய்டு குருத்தெலும்பின் கொம்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொம்புக்கு மேலே தனியாகக் கிடக்கும் டிரிட்டிசியாவை முறிந்த துண்டு என்று எழுதிவிட்டால் வழக்கே திசை மாறிவிடும்.

சரி, இளவயதில் எடுத்த எக்ஸ்-ரேயில் தெரியாதது இப்போது மட்டும் எப்படித் தெரிகிறது? குருத்தெலும்பு எக்ஸ்-ரேயில் தெரியாது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகவே மாறினால்தான் வெள்ளையாகத் தெரியும். குரல்வளையில் இரண்டு வகைக் குருத்தெலும்பு இருக்கிறது. தைராய்டு, கிரிக்காய்டு, அரிட்டினாய்டின் பெரும்பகுதி, இந்த டிரிட்டிசியா எல்லாம் ஹையலின் வகை. இந்த வகையில் இருபதுகளிலேயே மெல்ல இறுக்கம் ஆரம்பித்துவிடும், வயது ஏற ஏறக் கூடும். முதுமையில் தைராய்டு குருத்தெலும்பு முழுவதுமே எலும்பாகிவிட்டவர்களும் உண்டு. குரல்வளை மூடி, கார்னிகுலேட், கூனிஃபார்ம், அரிட்டினாய்டின் குரல் நாண் பிடித்திருக்கும் முனை, இவை எல்லாம் எலாஸ்டிக் வகை. இவை பொதுவாகக் கடைசிவரை வளைந்துகொடுக்கும், சுண்ணாம்பு படியாது. அதனால் உங்கள் தொண்டைக்குள் புதிதாக எலும்பு எதுவும் முளைக்கவில்லை அம்மா. ஏற்கனவே இருந்த குருத்தெலும்பு வயதுக்கேற்ப இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். நரை வருவதற்கு எப்படி வைத்தியம் தேவையில்லையோ அப்படித்தான் இதற்கும்.

படத்தில் தெரியாத மற்ற சின்னக் குருத்தெலும்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஸ்கோப் (மெல்லிய குழாயை விட்டுத் தொண்டைக்குள் பார்ப்பது) செய்யும்போது திரையில் அவற்றை நீங்களே பார்ப்பீர்கள், பார்த்ததும் பயந்துவிடக் கூடாது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு மெல்லிய எண்டோஸ்கோப்பை உள்ளே விடுவோம். நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டியதும் நிமிர்ந்து நிற்கும் குரல்வளை மூடி தெரியும். அதன் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரு மடிப்பு பின்பக்கமாக இறங்கி வரும். அந்த மடிப்பின் பின்கோடியில் பக்கத்துக்கு இரண்டாகச் சின்னச் சின்ன மேடுகள், கொஞ்சம் வெளுப்பாக. "டாக்டர், அங்கே கட்டி இருக்கே!" என்று திரையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள். அது கட்டி இல்லை. பின்னால் இருக்கும் மேட்டுக்கு அடியில் கார்னிகுலேட், அதற்குக் கொஞ்சம் முன்னால் கூனிஃபார்ம். ஒன்றை 18-ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகர மருத்துவர் சாந்தோரினியின் பெயரிலும், மற்றதை ஜெர்மனியின் கோட்டிங்கனில் உடற்கூறு கற்பித்த ரிஸ்பெர்க்கின் பெயரிலும் இன்னும் சொல்கிறோம். கூனிஃபார்ம் சிலருக்கு இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மயக்க மருந்து நிபுணர்களுக்கு இந்த மேடுகள் பெரிய துணை. குழாய் போடும்போது குரல் நாண் சரியாகத் தெரியாவிட்டால், இந்த மேடுகளுக்கு முன்னால்தான் மூச்சுப் பாதை என்று பிடித்துக்கொள்வார்கள்.

கார்னிகுலேட்டைத் தலையில் தாங்கிக்கொண்டிருப்பது அரிட்டினாய்டு. குரல்வளையின் சின்னக் குருத்தெலும்புகளில் உண்மையாகவே உழைப்பது இதுதான் என்பேன். கிரிக்காய்டின் அகலமான பின்புறத்தின் மேல்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். முன்னோக்கி ஒரு முனை, அதில் குரல் நாண் பிடித்திருக்கும். வெளிப்பக்கம் இன்னொரு முனை, அதில் தசைகள் பிடித்திருக்கும். மூச்சு இழுக்கும்போது இரண்டு அரிட்டினாய்டும் விலகும், நாண்கள் திறக்கும். பேசும்போது நெருங்கும், நாண்கள் மூடும். மூடுவதற்குப் பல தசைகள் இருக்கின்றன. திறப்பதற்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு தசைதான். 1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் திருப்பி, தன் குரல்வளை அசைவதைத் தானே பார்த்தார். இன்று ஸ்கோப் செய்யும்போது உங்களை "ஈ" என்று சொல்லச் சொல்வதும் இந்த அசைவைப் பார்க்கத்தான். கிரிக்காய்டோடு இது சேரும் இடம் முழங்கால் போலவே திரவம் உள்ள மூட்டு என்பதால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதம் இதையும் பிடிப்பது உண்டு. கைவிரல் மூட்டு வீக்கத்தோடு குரலும் கம்மினால் அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி முள் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் குருத்தெலும்பையும் முள்ளையும் பிரிப்பதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. டிரிட்டிசியா வழவழப்பான ஓரத்தோடு, நீள்வட்டமாக, ஹையாய்டு கொம்புக்கும் தைராய்டு கொம்புக்கும் நடுவே அதே கோட்டில் இருக்கும். முள் என்றால் மெல்லிய கோடாக, கூர்மையாக, உணவு போகும் பாதையில் அல்லது அதன் சுவரில் இருக்கும். குத்திய இடம் வீங்கினால் கழுத்தெலும்புக்கு முன்னால் உள்ள சதையின் நிழல் தடிமனாகும். டிரிட்டிசியா மட்டும்தான் ஏமாற்றும் என்றும் இல்லை. தைராய்டு கொம்பின் நுனியும், இன்னும் கீழே கிரிக்காய்டின் பின்பக்க மேல்விளிம்பும் பாதி இறுகிய நிலையில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்து முள் மாதிரியே இருக்கும். அதனால்தான் எக்ஸ்-ரேயில் வெள்ளை தெரிகிறது என்பதை மட்டும் வைத்து யாரையும் மயக்கத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொல்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எக்ஸ்-ரேயில் முள் தெரியவில்லை என்பதை வைத்து யாரையும் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. பல மீன்களின் முள் எக்ஸ்-ரேயில் தெரியவே தெரியாது. கெண்டையில் சதைக்கு நடுவே மெல்லிய, கவட்டை விழுந்த முட்கள் நிறைய இருக்கும். இந்த மாதிரிச் சின்ன முள் பெரும்பாலும் சிக்குவது டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும்தான். அந்த இடத்தில் தாடை எலும்பின் நிழல் வேறு விழுந்து மறைத்துவிடும். நீங்கள் வலி காட்டும் இடம் எது? வலது பக்கம், தாடைக்குக் கீழே. தொண்டையின் மேல்பகுதியில் முள் இருந்தால் எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்ட முடியும், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் அவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியாது. எனவே உங்கள் வலது டான்சிலையும் நாக்கின் அடியையும் பார்க்காமல் யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், எக்ஸ்-ரேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் நாக்கை அழுத்தி டான்சிலைப் பார்ப்பார். டான்சிலில் இருந்தால் அங்கேயே இடுக்கியால் எடுத்துவிடலாம், மயக்கமே வேண்டாம். அங்கே இல்லையென்றால் நான் சொன்ன மெல்லிய ஸ்கோப். அதிலும் தெரியவில்லை, ஆனால் வலி குறையவில்லை என்றால் கழுத்துக்கு சி.டி. ஸ்கேன், கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாத சாதாரண ஸ்கேன் போதும். எக்ஸ்-ரேயில் தெரியாத முள் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த வெள்ளை மணி உணவுப் பாதைக்கு வெளியே நாருக்குள் இருக்கிறதா என்பதும் அதே ஸ்கேனில் தெளிவாகிவிடும். அதில் முள் என்று உறுதியானால் அப்போது மயக்கம் கொடுத்து எடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் முள் இல்லை என்று வரவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. முள் கீறிவிட்டு வயிற்றுக்குள் போயிருக்கும், கீறல் மட்டும் முள் இருப்பது போலவே குத்திக்கொண்டிருக்கும். அந்த வலி ஓரிரண்டு நாளில் குறைந்துகொண்டே வரும். உங்களுக்கு அந்த நாட்கள் கடந்தும் சுருக்கென்பது நிற்கவில்லை, அதனால்தான் பார்த்துவிடச் சொல்கிறேன். சோற்று உருண்டை, வாழைப்பழம், வினிகர், எலுமிச்சை எதுவும் இனி வேண்டாம். உருண்டை விழுங்குவது நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான், ஆனால் மேலே லேசாகக் குத்தியிருக்கும் முள்ளை அது ஆழமாகத் தள்ளிவிடும். விரலை விட்டு வாந்தி எடுப்பதும் கூடாது.

காய்ச்சல், கழுத்து வீக்கம், கழுத்தைத் திருப்ப முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, நெஞ்சுவலி, முதுகுவலி, வாயில் ரத்தம், மூச்சு விடும்போது சத்தம், தோலை அழுத்தினால் நெறுநெறுவென்று காற்று நகர்வது, இதில் ஒன்று வந்தாலும் அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், ராத்திரியாக இருந்தாலும். முள் உணவுக்குழாயைத் துளைத்தால் சீழ் நெஞ்சுக்குள் இறங்கும். சுகர் இருப்பவர்களுக்குக் கிருமி வேகமாகப் பரவும் என்பதால் உங்களுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன்.

புற்றுநோய் பயத்தைப் பற்றி: வழவழப்பான ஓரத்தோடு அந்த இடத்தில் தெரியும் சின்ன மணிக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இல்லை. அது நகராது, வளர்ந்து தொண்டையை அடைக்காது, குரலையும் மாற்றாது. அதை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சுகர் இருப்பதால் ஒன்றைச் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக் குழாய் இரண்டாகப் பிரிவதும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான். அந்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்தாலும் எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும். பல் மருத்துவர் எடுக்கும் முழுத் தாடை எக்ஸ்-ரேயிலும் இதைப் பார்க்கலாம். அது ஒழுங்கற்ற வடிவில், துண்டு துண்டாக இருக்கும், மணி போல வழவழப்பாக இருக்காது. சந்தேகம் இருந்தால் கழுத்துக்கு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும், அதில் வலியும் இல்லை, ஊசியும் இல்லை. உங்கள் படத்தைக் காட்டும்போது, "இது டிரிட்டிசியாவா, கரோட்டிட்டா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

கடைசியாக மீன். தாராளமாகச் சாப்பிடலாம், தொண்டை ஆறிய பிறகு. உங்கள் விஷயத்தில் நான் முள்ளைவிடப் பல் செட்டைத்தான் யோசிக்கிறேன். மேல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால் வாய்க்குள் முள் இருப்பது நாக்குக்குத் தெரிந்தாலும் அண்ணத்துக்குத் தெரியாது. பல் செட் போட்டவர்களுக்கு முள்ளும் எலும்பும் சிக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீனைக் குழம்போடு சோற்றில் பிசையாதீர்கள். தனியாகத் தட்டில் வைத்து விரலால் உதிர்த்து, முள்ளைத் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். கெண்டையும் மத்தியும் வீட்டில் வாங்கும் நாட்களில் உங்களுக்கு மட்டும் ஒரு துண்டு வஞ்சிரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நடு முள்ளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.